நேர்த்திச் சதம்

தோழியரே, இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள்.

ஒரு சதக் காசு இனி வேண்டாம், கடையில் வாங்கமாட்டார்கள் என்று இன்று வகுப்பு விவாதத்தில் பேசினேன். நீங்கள் நம்பவில்லை.

நிரூபித்துக் காட்டுவதற்கு வீட்டில் கிடைத்தது, அப்பா கடலுக்குப் போனதும் சல்லி அம்மனுக்கு நேர்ந்து அம்மா மஞ்சள் துணியில் முடிந்த சதம்தான். கடையில் மறுத்ததும் திரும்பத் துணியில் முடிந்து வைக்கலாம் என்று எடுத்துப் போனேன்.

கடைக்காரர் அதை மேசை லாச்சிக்குள் மற்றச் சில்லறையோடு போட்டுவிட்டு ஒரு தோடம்பழ இனிப்புத் தந்தார்.

“மாமா, அந்தச் சதத்தையே தாங்கோ.”

“இதுக்குள்ள உன்ர சதம் எது பிள்ளை? பேர் எழுதியே தந்தனீ?”

இனிப்பை வாங்கிக்கொண்டு வேறொரு சதத்தைத் தந்தார். அதை முடிந்து வைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

காற்று பலத்துவிட்டது. அப்பா இன்னும் வரவில்லை.

அம்மனுக்கு எல்லாச் சதமும் ஒன்றுதானா? நாளைக்கு நீங்கள்—

கதவைத் தட்டுகிறார்கள்.