பனி விழும்வரை பாதிக் கதை

ரோவீனா ஹால்வர்சன் முடி வெட்டுகிறவள். ரோனன் என்கிற எங்கள் சின்ன ஊரில் அவள் வீட்டு முன்னறைதான் கடை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் காதுக்குப் பக்கத்தில் கத்திரி ஒரு பாட்டுக்கு ஓடும், அவள் வாய் ஒரு பாட்டுக்கு ஓடும். ஐஸ்லாந்துப் பூதம், ஜப்பான் நரிப்பெண், ஆப்பிரிக்கச் சிலந்தி என்று உலகமே அந்த அறைக்குள் வந்து போகும். ஒரு தடவை கதை சூடுபிடித்த இடத்தில் என் நெற்றிமுடியைக் கொத்தாகக் கத்தரித்துவிட்டாள். அந்தக் கோடை முழுக்கத் தொப்பியோடு திரிந்தேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் அவளைப் பற்றி எழுத என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் குடும்பங்கள் எங்கள் பள்ளத்தாக்கில் கொஞ்சம் அதிகம். வியாழக்கிழமை தோறும் எல்லாரும் விவசாயிகள் சங்கக் கூடத்தில் சேருவோம். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர் சும்மா போகக் கூடாது, தனக்குத் தெரிந்த எதையாவது சொல்லித்தர வேண்டும். என் தலையில் விழுந்தது கணக்கு. ரோவீனாவின் பையன்கள் வளர்ந்து சியாட்டில் பக்கம் போய்விட்டார்கள், அவள் வரவேண்டிய கட்டாயமே இல்லை. வந்துகொண்டுதான் இருந்தாள். உலக நாடுகளின் பழக்கவழக்கம், புராணம், தேவதைக் கதை எல்லாம் சேர்ந்து அவள் வகுப்பு. என் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அவள் அறைக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

எந்தக் கதையையும் அவள் எடுத்தவுடன் சொல்லமாட்டாள். இது யாருடைய கதை, அவர்கள் இதை எப்போது சொல்வார்கள், என்ன தின்றுகொண்டு கேட்பார்கள் என்று முதலில் பிள்ளைகளைத் துருவுவாள். பாரசீகக் கதையை டிசம்பரில் வருஷத்தின் மிக நீண்ட இரவன்றைக்கே சொன்னாள். அதற்காக மிசூலா நகரம் வரைக்கும் காரை விரட்டிக்கொண்டு போய் மாதுளம்பழம் வாங்கி வந்தாள். "அவங்க வீட்டுக்குள்ள போறப்போ செருப்பக் கழட்டிட்டுத்தான் போகணும், கதையும் அப்படித்தான்" என்பாள். மாதுளைச் சாறு என் மகன் ஆன்சனின் ஒரே நல்ல சட்டையில் கறையாக நின்றுவிட்டது.

அந்த வகுப்பில்தான் மாரியெட் இருந்தாள். பாஸ்கல் ஃபெலிக்ஸின் மகள், இந்த மண்ணின் பூர்வகுடிகளான சேலிஷ் இனப் பெண், பதினாலு வயது. பாஸ்கல் கோடையில் வேலி போடுவார், குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாரியெட் வருஷக் கணக்காக வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். வகுப்பில் கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பாளாம். அப்பா அவளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கியது அதனால்தான். எங்களிடம் வந்த புதிதிலும் அப்படித்தான் இருந்தாள். ரோவீனா அவளை ஒன்றும் கேட்கவில்லை, கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிப்ரவரி வாக்கில் ஒரு நாள் பூதத்துக்கு இரண்டு தலையா மூன்று தலையா என்று மாரியெட் அவளோடு சண்டை பிடித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரோவீனா என் காருக்குள் பாடிக்கொண்டே வந்தாள். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

மே மாதம் வந்தது. படிப்பு வருஷத்தின் கடைசி, செர்ரி பூத்து நல்ல வெயில். கடைசி வகுப்புக்கு நம் மண்ணின் கதையே இருக்கட்டும் என்று ரோவீனா நினைத்தாள். மாரியெட்டுக்கு ஒரு மரியாதை என்றும் அவள் மனசில் இருந்தது. பழைய புத்தகம் ஒன்றிலிருந்து கயோட்டிக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்தாள். கயோட்டி என்றால் எங்கள் ராத்திரிகளில் ஊளையிடும் அந்தக் காட்டுநரிதான். என்ன கதை என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். கதை பாதி போயிருக்கும், மாரியெட் எழுந்தாள். வேலியைத் தாண்டி ரோட்டுக்குப் போய், அப்பா வரும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ரோவீனா அந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்த பிக்னிக்குக்கு மாரியெட் வரவில்லை. அடுத்த வருஷத்துக்குப் பெயரும் கொடுக்கவில்லை.

"நான் என்னடி பண்ணேன்?" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டே ரோவீனா கேட்டாள். கத்திரியை என் கண்ணுக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல அத கீழ வை. போன தடவ பட்டது போதும்."

"அவ மறுபடியும் வாயடைச்சுப் போயிட்டாளாம் மார்வா. சாப்பாட்டு மேசையிலகூட பேசறதில்லயாம். அதுக்கு நான் காரணம்னா இனிமே எனக்கு வகுப்பே வேணாம்."

"எங்கிட்ட அழுது என்ன புண்ணியம்? அவங்க வீட்டுல போய்க் கேளு."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான். வேற மூஞ்சி யாருக்கு இருக்கு?"

ஹக்கிள்பெர்ரி என்கிற காட்டுப்பழத்தை மாவுக்குள் வைத்து, பை என்கிற பலகாரம் ஒன்றைச் சுட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான்தான் கார் ஓட்டினேன். பாஸ்கல் வீட்டு வாசலில் முள்கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினார்.

"வாங்கம்மா. பை ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்" என்றாள் ரோவீனா.

"அப்போ ரொம்பப் பெரிய தப்புன்னு நீங்க நெனைக்கல."

அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ரோவீனா பைத் தட்டை அவர் பக்கம் நீட்டினாள். "நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியலங்க. அதான் கேக்க வந்தேன்."

"தரையில பனி இருக்கறப்போதான் கயோட்டிக் கதை. பனி போயிட்டா அந்தப் பேச்ச நாங்க எடுக்கறதில்ல. இங்க சின்னக் கொழந்தைக்குக்கூட தெரியும். நீங்க மே மாசத்துல, நல்ல வெயில்ல, பூ மரத்தடியில உக்காந்து சொன்னீங்க."

"அய்யோ" என்றாள் ரோவீனா.

"பாரசீகக்காரங்க எந்த ராத்திரி கதை சொல்வாங்கன்னு உங்களுக்குத் தெரியுது. அதுக்கு மிசூலா வரைக்கும் போய்ப் பழம் வாங்கிட்டு வந்தீங்களாமே, மாரியெட் சொன்னா. எங்க வீடு கூப்பிடு தூரம். பழம்கூட வேணாம், ஒரு போன் போட்டிருக்கலாம்."

ரோவீனாவின் முகம் சுருங்கிவிட்டது. நானாக இருந்தால் பாதிப் பழியைப் புத்தகத்தின் மேல் போட்டிருப்பேன். அவள் போடவில்லை.

"தப்புதான். என் தப்பு" என்றாள்.

பாஸ்கல் கொஞ்சம் இறங்கி வந்தார். "அவளுக்கு உங்க மேல கோவம் மட்டும் இல்லம்மா. பள்ளிக்கூடத்துல படிக்கிற மாமா பிள்ளைங்க ரெண்டு பேர்கிட்ட வருஷம் பூரா பெருமையடிச்சிருக்கா. 'எங்க டீச்சர் எதையும் கேட்டுட்டுத்தான் சொல்வாங்க'ன்னு. இப்போ அதுங்க அவள ஓட்டி எடுக்குதுங்க. 'உங்க டீச்சர் நம்மள மட்டும் கேக்கல பாத்தியா'ன்னு. அவமானம் தாங்காம உள்ள உக்காந்திருக்கா."

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க. மன்னிப்புக் கேக்கவா? எல்லாரையும் கூப்பிட்டு..."

"ஒண்ணும் செய்யாதீங்க. உங்களுக்கு அதுதான் கஷ்டம்னு நெனைக்கிறேன்." பைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "வர்றதா வேணாமான்னு அவதான் முடிவு பண்ணணும். நான் இழுத்துட்டு வரமாட்டேன்."

ஜன்னல் திரை லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். ரோவீனாவும் பார்த்திருப்பாள். கூப்பிடவில்லை, அப்படியே காரில் வந்து ஏறினாள்.

வகுப்பை விடுவதாக அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செப்டம்பரில் கூடம் திறந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவில்லை, கேட்காமல் செய்தேன் என்றாள்.

"சரி டீச்சர், அந்தக் கதையில மீதி என்ன?" என்றான் ஆன்சன். என் பிள்ளைக்கு இங்கிதம் என்பது மருந்துக்கும் கிடையாது.

"பனி விழட்டும்."

"விழுந்தா நீங்க சொல்வீங்களா?"

"அது என் கையில இல்ல."

பிள்ளைகள் துடித்துப் போனார்கள். பாதிக் கதையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? வாரா வாரம் நச்சரித்தார்கள். பெற்றோரில் ஒருவர், பெயர் வேண்டாம், "ஒரு கதைக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா? போன்ல தேடுனா வந்துட்டுப் போகுது" என்று அலுத்துக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது, ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மகளே திரும்பி, "அப்பா, தேடக் கூடாதுன்னு நாங்களே பேசி வச்சிருக்கோம்" என்றாள். ரோவீனா சொல்லி அல்ல, அவர்களாகவே. ரோவீனா கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ துடைப்பதுபோல் நின்றாள், பலகையில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

அக்டோபரில் ஆன்சன் கூடைப்பந்து பயிற்சிக்குப் போன இடத்தில் மாரியெட்டின் மாமா பிள்ளைகள் அவனைப் பிடித்துக்கொண்டார்களாம். "நீ அந்த முடிவெட்டற டீச்சர் வகுப்புதானே? கயோட்டி கடைசியில என்ன ஆனான், சொல்லு பாப்போம்?"

"தெரியாது. இன்னும் பனி விழல" என்றிருக்கிறான் இவன்.

"பொய். அவங்க எப்பவோ சொல்லியிருப்பாங்க."

"வந்து கேட்டுப் பாரு. யாருக்குமே தெரியாது. நாங்க எல்லாம் வெயிட் பண்றோம்."

இதை அவன் வீட்டில் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோவீனாவிடம் சொன்னேன். அவள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நம்பிக்கை வைக்கவும் பயம் அவளுக்கு. அந்தப் பெண் திரும்பி வராவிட்டால் கிறிஸ்துமஸோடு நிறுத்திவிடுவேன் என்று அன்றைக்குத்தான் முடிவாகச் சொன்னாள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நவம்பரில் ஒரு புதன்கிழமை மத்தியானம் தொடங்கிய பனி வியாழக்கிழமை காலையிலும் ஓயவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். நாமும் விட்டுவிடலாம் என்று போன் போட்டேன். "பனி பேஞ்சாத்தான்டி இன்னிக்கு வகுப்பே" என்று போனை வைத்துவிட்டாள். வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே, சறுக்கிச் சறுக்கி ஆன்சனோடு போய்ச் சேர்ந்தேன். வரமாட்டார்கள் என்று நினைத்த குடும்பங்களெல்லாம் வந்திருந்தன. பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோவீனா எதுவும் தொடங்கவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவளும் கதவைத்தான் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, யாரும் வரவில்லை. "கிளம்பலாம்" என்று நான் மெல்லச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

அப்போது வெளியே பனி தள்ளும் லாரியின் இரைச்சல் கேட்டது. கதவு திறந்தது. மாரியெட் நின்றாள், தோளெல்லாம் பனி. பின்னால் உயரமாக இரண்டு பையன்கள், சந்தேகமும் கூச்சமுமாக. அவர்களுக்கும் பின்னால் பாஸ்கல், தொப்பியைத் தட்டிக்கொண்டு.

மே மாதத்திலிருந்து ரோவீனா முணுமுணுத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த மன்னிப்பு எனக்கே மனப்பாடம். அதை எடுக்காமல், அடுப்பைச் சுற்றி இருந்தவர்களை நகர்ந்து இடம் விடச் சொன்னாள்.

"அப்பாதான் சொல்லப் போறாரு" என்றாள் மாரியெட். குரல் சின்னது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "மொதல்லேர்ந்து. பாதியிலேர்ந்து தொடங்கக் கூடாது."

"சரி" என்றாள் ரோவீனா. "நான் இங்க இருக்கலாமா, வெளிய போகணுமா?"

பையன்களில் மூத்தவன் மாரியெட்டின் முழங்கையை இடித்தான். "இவங்கதானா?"

"இவங்கதான்" என்றாள் மாரியெட். "நான் சொன்னேன்ல, கேட்டுட்டுத்தான் செய்வாங்கன்னு."

நாற்காலியை இழுத்து ரோவீனாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.