இளையவள் மகளின் நாற்பது சொற்கள்

மழைக்கோட்டு செய்யும் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் மூத்தவள். அண்ணன் தம்பி இருவரில் அண்ணனைக் கட்டியதால் வீட்டில் அந்தப் பெயர். கூடத்தில் எல்லோருக்கும் ‘ஒட்டு அக்கா’. வினைல் ஷீட்டின் இரண்டு ஓரங்களைச் சேர்த்து வைத்து, சூடான இரும்புப் பட்டை இறங்கி அழுத்தும்வரை விரலால் நீவிப் பிடிப்பதுதான் வேலை. ஷீட் சூடாகும்போது கிளம்பும் இனிப்பான வாடை அவள் தலைமுடியில் குடியேறிவிட்டது. எத்தனை முறை குளித்தாலும் போவதில்லை.

கீழ்வீட்டில் இருந்த தம்பி மனைவி இளையவளுக்கு ஒரு பெரிய கடையில் சென்ட் விற்கும் வேலை. அவள் படியேறி வருவதற்குள் வாசனை வந்து கதவைத் தட்டும். “நீ வர்றது மாடி முழுக்கத் தெரியுதும்மா” என்று மூத்தவளின் கணவன் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். மூத்தவள் அதை இரண்டு வருடம் மறக்கவில்லை.

இருவரும் பத்து நாள் இடைவெளியில் கர்ப்பமானார்கள். மூத்தவள் காத்திருந்தது எட்டு வருடம். இளையவளுக்குக் கல்யாணமாகியே எட்டு மாதம். மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்கு இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக்கிலும் வாசனைப் பொருள்களிலும் கலக்கும் சில ரசாயனங்கள் உடம்பின் ஹார்மோன்களில் குறுக்கிடக்கூடியவை. தாயின் உடம்பில் அவை எவ்வளவு இருக்கின்றன, வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சியில் அதன் தடம் தெரிகிறதா என்று பார்க்கப்போவதாக ஆய்வு நர்ஸ் விளக்கினாள். மூத்தவளின் காதில் பிளாஸ்டிக் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. பிறகு இருவரும் மூன்று முறை கண்ணாடிப் புட்டியில் சிறுநீர் கொடுத்தார்கள்.

மூத்தவளுக்குப் பையன், இளையவளுக்குப் பெண். பையனுக்குக் குண்டு என்றும், பெண்ணுக்கு வாயாடி என்றும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஏழரை மாதத்தில் ஆய்வு அறையில் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, மாறி மாறி வரும் படங்களைப் பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று கேமராவில் பதிவு செய்தார்கள். வாயாடி புதுப் படம் வந்தவுடன் கண்ணைத் திருப்பினாள். குண்டு பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் நல்லது கெட்டது எதுவும் இல்லை என்று நர்ஸ் சொல்லியும் மூத்தவளின் வயிறு எரிந்தது.

ஒன்றரை வயதில் ஒரு படிவம் வந்தது. நூறு சொற்கள்; பிள்ளை சொல்வதற்கு நேரே டிக் போட வேண்டும். குண்டு சொன்னது ‘பா’, ‘தா’, ‘ம்ம்’. மூத்தவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டிலிருந்து வாயாடியின் குரல் ஜன்னல் வழியாக ஏறி வந்தது: பந்து, செருப்பு, காக்கா, வேணாம். மூத்தவள் டிக் போட்டாள். குளியல், விளக்கு. போட்டாள். அந்த வாரம் முழுக்கக் கீழே கேட்டதையெல்லாம் போட்டாள். நாற்பது ஆனபோது கை நின்றது.

படிவத்தைப் பார்த்த நர்ஸ் சந்தோஷப்பட்டாள். “ரொம்பக் கம்மியா இருந்தா பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவோம். உங்க பையனுக்கு அது தேவையே இல்ல.”

தேவையே இல்லை. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு மூத்தவள் ஒரு மாதம் நடமாடினாள். கடைசியில், கேட்டவர்களுக்கு அவரவர் ரசாயன அளவுகளைக் கடிதமாகத் தரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆய்வு அறைக்குப் போனாள். படிவத்தில் எழுதிய பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் போனாள். வாயில் வந்தது வேறு.

“என் ஓரகத்தியோட அளவு என்ன சிஸ்டர்?”

“அதை அவங்ககிட்டதான் சொல்லுவேன்.”

“என்னைவிடக் கம்மியா?”

நர்ஸ் பேனாவை வைத்தாள். “அந்த நம்பரை வெச்சு ஒரு பிள்ளையைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. இந்த ரசாயனம் ஒண்ணு ரெண்டு நாள்ல வெளியே போயிடும். நூத்துக்கணக்கான பிள்ளைங்களைச் சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதாவது தெரியும். அதுக்குத்தான் நீங்க எழுதற ஒவ்வொண்ணும் முக்கியம்.”

மூத்தவள் பொய்யை ஒப்புக்கொள்ளாமலே தன் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீடு வந்தாள்.

மூன்றாம் நாள் இளையவள் மேலே வந்தாள். கையில் அவளுடைய கடிதம், முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. எனக்கு யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.”

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக்கில் இருந்து வருவது என்ற வரியில் மூத்தவளுக்கு அதிகம். வாசனைப் பொருள்களில் இருந்து வருவது என்று குறித்திருந்த வரியில் இளையவளின் எண் மூத்தவளுடையதைப்போல நாலு மடங்கு. மூத்தவளின் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அதை அவள் பின்னால் ஒருபோதும் மறைக்கவில்லை. அடுத்த நிமிடம் பார்த்தால், இளையவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“நாலு வருஷமா தினமும் பத்துப் பேருக்கு என் கையிலதான் சென்ட் அடிச்சுக் காட்டினேன். பாப்பா உள்ளே இருக்கும்போதும்.”

மூத்தவள் அவள் முதுகைத் தடவினாள். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, “உன் பொண்ணு பேசினதையெல்லாம் நான் குண்டு பேசினதா எழுதிட்டேன்” என்றாள்.

இளையவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “எத்தனை?”

“நாப்பது.”

“நாப்பதா? நான் அவளுக்கே முப்பத்தஞ்சுதானே போட்டேன்.” இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்த முடியாத சிரிப்பு. சிரித்து முடித்ததும் இளையவளின் முகம் மாறியது. “ஆனா அது தப்புக்கா. பையனுக்கு ஆகவேண்டியது ஆகாம போச்சே.”

மறுநாள் இருவருமாகப் போனார்கள். நர்ஸ் திட்டவில்லை, பழைய படிவத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் புதுசாக ஒன்று கொடுத்தாள். மூத்தவள் மூன்று டிக் போட்டாள். அடுத்த வாரமே பேச்சுப் பயிற்சி தொடங்கியது. கூடத்தில் அவள் முடிந்த கோட்டுகளை மடிக்கும் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்டாள். முதலாளி முகம் சுளித்தார். அங்கே வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போய் நின்றாள். மாற்றம் கிடைத்தது, இயந்திரங்களுக்கு மேலே புகையை இழுக்கும் விசிறியும் வந்தது. குண்டு இரண்டே முக்கால் வயதில் மூன்று சொல் சேர்த்துப் பேசினான். ஏன் தாமதம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

பொறாமை போயிற்றா என்றால், இல்லை. இளையவள் மறுபடி கர்ப்பமாகி, சென்ட் பிரிவை விட்டு பில் போடும் இடத்துக்கு மாறிக்கொண்டபோது மூத்தவளுக்குப் பழையபடி நெஞ்சு எரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு பிள்ளையைச் சுமக்க அவளுக்கு வாய்த்திருக்கிறது. தனக்கு வாய்க்கவில்லை. அந்த எரிச்சலோடேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போய், அவளுடைய அலமாரியில் இருந்த ஒவ்வொரு புட்டியையும் எடுத்து, பின்பக்கம் எழுதியிருந்த ரசாயனப் பெயர்களைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். இளையவள் ஒவ்வொன்றாகக் குப்பைப் பையில் போட்டாள்.