கம்பளத்தில் நான்கு பள்ளங்கள்

அவர் இந்திய ஆமிக்காரர். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம், தமிழ்நாட்டுப் பேச்சு. எதைக் கண்டாலும் கட்டை விரலால் ஒருமுறை நீவிப் பார்த்தார். எங்கள் மேசையை நீவினார், சுவரை நீவினார்.

யாழ்ப்பாணத்தில், எங்கள் கொழும்புத்துறையில் அன்று சுற்றிவளைப்பு; இளம் பெடியன்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையைச் சின்ன அறைக்குள் விட்டுப் பூட்டி, கதவு தெரியாதபடி அலுமாரியை இழுத்து வைத்திருந்தோம். அது முன்பு நின்ற இடத்தில், மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த கம்பளத்தில், அதன் கால்கள் அழுத்திய நான்கு பள்ளங்களும் அப்படியே கிடந்தன. அவர் குந்தியிருந்து ஒன்றை நீவியபோதுதான் நாங்களே அவற்றைக் கண்டோம்.

"பீரோவ எப்பம்மா நகத்துனீங்க?"

"அது... போன வருசம், தம்பி," என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்து அறைக்குள் அண்ணை இருமினார்.

ஆமிக்காரர் நிமிரவில்லை. இடுப்பிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நான்கு பள்ளங்களிலும் ஊற்றினார். அமுங்கிய நூலை விரலால் கிளறி நிமிர்த்தினார்.

"ஈரம் பட்டா எந்திரிச்சிரும். பின்னால ஆபீசர் வர்றாரு. கேட்டா, தண்ணிச் செம்பு கவுந்திருச்சுன்னு சொல்லுங்க."

"ஓம்," என்றார் அம்மா.

போகும்போது அலுமாரியையும் ஒருமுறை நீவிவிட்டுப் போனார். பிறகு ஆபீசர் வந்தார். ஒன்றும் கேட்காமல் ஈரத்தை மிதித்துக்கொண்டு போனார்.

அந்த ஆமிக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று இன்றும் நினைப்பேன். ஆனால் அந்தக் கட்டை விரல் நினைவுக்கு வந்ததும் நன்றிக்கு முன்னால் பயம்தான் வருகிறது.