சேற்றைத் தொடாமல்

நஸ்மியா ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் மாத்தளை டவுனில் அவளைத் தடுக்க ஆள் கிடையாது. கணவர் ஸக்கரியாவுக்கு இது கல்யாணம் முடிந்த முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. ஆனாலும் நாற்பதைத் தொடப்போகிற வயதில், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போகப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு, மனுஷன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“காய்ச்சல் ஒண்ணும் இல்லியே.”

“காய்ச்சல் இல்ல. வயிறு எரியுது,” என்றாள் நஸ்மியா.

எரியத்தான் செய்யும். அவளுக்குத் தையல் தொழில். அதோடு, ஊரில் ஒரு முஸ்லிம் பெண் மௌத்தானால், ஜனாஸாவை, அதாவது அந்த உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற அழைக்கப்படும் பெண்களில் அவளும் ஒருத்தி. பெண்ணின் உடலைப் பெண்தான் தொட வேண்டும், பெண்தான் மூட வேண்டும். அதில் யாருக்கும் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் நாவுல ஊரைத் தாண்டியிருக்கும் நீர்த்தேக்கத்தில் விழுந்து மௌத்தான ஒரு பெண்பிள்ளையை அந்த வாரம் ஆண்கள் கொக்கி போட்டுத் தேடி இழுத்து வந்தார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. கீழே சேறு, கண் தெரியாது, கிடைத்ததைப் பிடித்து இழுத்தார்கள். உடுப்பு கிழிந்த நிலையில் பிள்ளையைக் கரையில் போட்டபோது சுற்றிலும் கூட்டம், கூட்டத்தில் பாதிப் பேர் கையில் போன். உடம்பு முழுக்க இருந்த கொக்கிக் கீறல்களைக் கழுவிக்கொண்டிருந்த நஸ்மியாவுக்கு வந்தது துக்கம் அல்ல, கோபம்.

டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் இப்திகார்தான் அந்தக் கொக்கி வேலையை அடியோடு நிறுத்த வேண்டும் என்று புறப்பட்டவன். திருகோணமலைக்குப் போய்த் தண்ணீருக்கடியில் சுழியோடப் படித்து, பயிற்றுநர் பட்டமும் வாங்கி, சிலிண்டர்கள் சேர்த்து, தொண்டர்கள் சிலரைப் பழக்கிக்கொண்டிருந்தான். நஸ்மியா நேரே கடைக்குப் போனாள். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

“ராத்தா, நீந்தத் தெரியுமா?”

“சுது கங்கைக்குப் பக்கத்தில பொறந்தவகிட்ட கேக்குற கேள்வியா தம்பி இது?”

“நீந்துறது வேற, இது வேற. கீழ போய்ச் சேத்தைத் தொடாம நிக்கத் தெரியணும். ஒரு காலு பட்டாலும் எல்லாம் கலங்கிரும், பொறகு பக்கத்தில கெடக்குற ஆளும் தெரியாது. அப்படி நிக்கத் தெரிஞ்சாத்தான் ஜனாஸா எடுக்க எறக்குவேன். அது ஆம்பிளைக்கும் அப்படித்தான்.”

“நிக்கிறேன்,” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

திருகோணமலையில் ஒரு பெண் பயிற்சியாளரிடம் அடிப்படைப் பயிற்சியை முடித்தாள். கடலில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. உடலை ஒட்டிய ரப்பர் உடுப்பு, இடுப்பில் ஈயத்துண்டுகள் கோத்த பட்டி, காற்றை ஏற்றவும் இறக்கவும் பொத்தான்கள் வைத்த ஜாக்கெட். ஈயம் கீழே இழுக்கும், ஜாக்கெட்டின் காற்று மேலே தூக்கும். இரண்டும் சமனானால் நடுத்தண்ணீரில் அந்தரத்தில் நிற்கலாம். அங்கே நின்றாள். கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினாள்.

வம்பு தொடங்கியது ஊருக்குத் திரும்பி நீர்த்தேக்கத்தில் இறங்கியபோதுதான். இங்கே கரையில் ஆண்கள். ஆகவே ரப்பர் உடுப்புக்கு மேலே முழங்கால் வரை ஒரு தொளதொளத்த சட்டை, தலைக்கு இரண்டு சுற்றுத் துணி. அதோடு தண்ணீரில் இறங்கினால், தக்கை போல மிதந்தாள். ஈயத்தைக் கூட்டினான் இப்திகார். இன்னும் மிதந்தாள். இன்னும் கூட்டினான்.

“உப்புத் தண்ணியிலதான் ஆளு கூட மெதக்கும். நல்ல தண்ணிக்கு ஈயம் கொறையணும். உங்களுக்கு மட்டும் என்னத்துக்கு ராத்தா கூடக் கேக்குது?”

“எனக்கு என்ன தெரியும்? போடுங்க, எறங்குவோம்.”

அவசரம். அவளுடைய பெரிய குறையே அதுதான். இறங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு கல்லைப் போட்டது போலக் கீழே போனாள். ஜாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஏற்றிச் சமாளிக்க வேண்டும் என்பது தலைக்கு எட்டுவதற்குள் முழங்கால் சேற்றில் புதைந்துவிட்டது. சேறு எழும்பி எல்லாம் இருட்டு. தன் கையே தெரியவில்லை. பதறிப்போய்க் காற்றுப் பொத்தானை அழுத்தினாள், அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. ஜாக்கெட் உப்பி அவளைச் சேற்றிலிருந்து பிடுங்கி மேலே எறிந்தது. மேலே போகப் போகக் காற்று விரியும், விரிய விரிய வேகம் கூடும். கூடவே இறங்கியிருந்த இப்திகார் எட்டிப் பிடித்த காலும் நழுவியது. ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்கு நினைவிருந்தது: மூச்சைப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். அதனால் வழி நெடுகக் கத்திக்கொண்டே மேலே வந்தாள்.

டொக்டர் பார்த்து, நல்ல வேளை ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம் என்றார். இப்திகார் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னான்.

“இனி ஏலாது ராத்தா. உங்க மௌத்தையும் நான் தூக்க ஏலாது.”

ஸக்கரியா அன்றிரவுச் சோற்றைத் தானே போட்டுக்கொடுத்தார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

விட்டுவிட்டாளா என்று கேட்டால், நீங்கள் நஸ்மியாவை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. தைப்பதும் யோசிப்பதுமாக நாட்களை ஓட்டினாள். ஒரு காலையில் பின்வளவில் பெரிய பேசினில் உடுப்பு ஊறவைத்தாள். ஸக்கரியாவின் சாரத்தைத் தண்ணீரில் அமுக்கினாள். அது பலூன் மாதிரி உப்பிக்கொண்டு எழுந்தது. இன்னும் அமுக்கினாள். புஸ்ஸென்று குமிழி விட்டு அடங்கிக் கீழே போனது. நஸ்மியா அப்படியே குந்தியிருந்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய் அந்தத் தொளதொளத்த சட்டையையும் தலைத்துணியையும் கொண்டுவந்து பேசினில் அமுக்கினாள். குமிழிகள் ஓயவே இல்லை.

“இங்க வாங்க! இங்க வந்து பாருங்க!”

ஸக்கரியா பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தார்.

“துணிக்குள்ள காத்து மாட்டிக்கிட்டு மெதக்க வெச்சிரிக்கி. அதுக்காக ஈயத்தைக் கூட்டினோம். கீழ போகப் போகக் காத்து சுருங்கி வெளியேறிரிச்சி. ஈயம் மட்டும் மிச்சம். பொறகு கல்லாட்டம் விழாம என்ன செய்யும்?”

மனுஷன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுப் பேசினையே பார்த்தார். “இதை என் சாரம்தான் கண்டுபிடிச்சிச்சின்னு இப்திகார்கிட்ட சொல்லு,” என்றார். அவள் திரும்பப் போகப்போகிறாள் என்பது அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நீச்சல் உடுப்புக்குப் போடும் துணியில் புதிய மேல்சட்டை ஒன்றைத் தைத்தாள். உடம்பைக் காட்டாது, ஆனால் காற்றைப் பிடிக்கவும் பிடிக்காது. தோளிலும் விளிம்பிலும் வலைத்துணி வைத்தாள். தலைத்துணிக்குப் பதிலாக ஒட்டிய முக்காட்டுத் தொப்பி. இப்திகார் முதலில் முகம் கொடுக்கவில்லை. கடை வாசலில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்தாள். வாங்க வந்த ஆட்களெல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வழிக்கு வந்தான்.

இந்த முறை அவசரம் இல்லை. ஜாக்கெட்டில் காற்றில்லாமல், சாதாரண மூச்சோடு மேல்மட்டத்தில் நின்றால் தண்ணீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். அந்த அளவு வரும்வரை ஈயத்தைக் கழற்றினார்கள். பாதிக்குப் பாதி கழன்றது. கைகளால் துடுப்பு வலிக்கும் பழக்கத்தை விடுவதற்காக, நெஞ்சோடு கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினாள். இழுத்து விடும் மூச்சிலேயே அரை முழம் ஏறி அரை முழம் இறங்கினாள். தவறினாள், சேறு கலங்கியது, மேலே வந்தாள், தெளியும்வரை காத்திருந்து மறுபடி இறங்கினாள். ஒரு மழைக்காலம் முழுக்க அதே வேலை. கடைசியில் ஒரு நாள் முகக்கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே சேறு கலங்காமல் கிடக்க, அவள் அதன் மேலே தொட்டிலில் கிடப்பது போலக் கிடந்தாள். இப்திகார் தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையாலும் கைதட்டிக் காட்டினான்.

அழைப்பு வந்தது பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில். ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உறவுக்காரரோடு பயணம் வந்த தினுஷா, காலைக் கழுவப்போய் நீர்த்தேக்கத்தில் வழுக்கி விழுந்திருந்தாள். இருபது வயசுப் பிள்ளை. அவளுடைய தாய் சுந்தரம்மாவைக் கரையில் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பொலிஸ்காரர் அனுமதி தந்ததும் இப்திகார் நஸ்மியாவைப் பார்த்தான். “ராத்தா, நான் பக்கத்திலயே வருவேன். தொடுறது நீங்க.”

கீழே தினுஷா ஒருக்களித்துக் கிடந்தாள். பாவாடை இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது. நஸ்மியாவின் மூச்சு வேகமானது, உடனே உடம்பு எழும்பத் தொடங்கியது. நின்று, நீளமாக மூச்சை விட்டாள். இறங்கினாள். ஒரு துளி சேறும் எழவில்லை. பாவாடையை இறக்கிவிட்டு, கொண்டுபோன வெள்ளைத் துணியைத் தலையிலிருந்து கால்வரை சுற்றிக் கட்டினாள். பிள்ளையின் பாரத்துக்காக ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்று ஏற்றினாள். ஏறத் தொடங்கியதும் விரிகிற காற்றை உடனுக்குடன் வெளியேற்றினாள். மேலே தாய் இருக்கிறாள், சீக்கிரம் போ, போ என்று மனசு தவித்தது. மனசின் பேச்சைக் கேட்டால் இரண்டு பேரும் எறியப்படுவார்கள். ஒரு கையைப் பொத்தானிலும் மற்றக் கையைத் துணிக்குள் இருந்த பிள்ளையின் கையிலும் வைத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக ஏறினாள். அழுகை வந்தது. முகக்கண்ணாடிக்குள் அழுவது எவ்வளவு தொல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கரையில் தோட்டத்துப் பெண்கள் வட்டமாக நின்று சேலைகளைப் பிடித்து மறைத்தார்கள். சுந்தரம்மா துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு நஸ்மியாவின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, எம்புள்ள அடியில தனியா கெடந்துச்சா?”

“கெடந்தா. பொறகு நான் போயிட்டேன். மேல வர்ற வரைக்கும் கையைப் புடிச்சிக்கிட்டுத்தான் வந்தேன். விடவே இல்ல.”

“எந்தக் கையில புடிச்சீங்க?”

நஸ்மியா வலது கையைக் காட்டினாள். விரல்நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. சுந்தரம்மா அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, அதுவரை வராத அழுகையை அழுதாள். அவளாக விடும்வரை நஸ்மியா கையை எடுக்கவில்லை.