எட்டாவது தரம்

சாரம் பகுதியில் தகரக் கூரை போட்ட கிறிஸ்தவ சபை ஒன்று உண்டு. வருடப் பிறப்பு காலை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் மதிவாணன் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார். ஒவ்வொருவரும் எழுந்து போய்த் தன் கையால் ஒன்றை எடுக்கவேண்டும். அதிலுள்ள வசனம்தான் அந்த வருடத்துக்குக் கர்த்தர் கொடுக்கிற வாக்கு.

போன வருடம் தன் அட்டையைப் பார்த்ததும் கன்னியம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. நாத்தனார் கார்குழலிக்கு வாசல் திறக்கும் என்று வந்திருந்தது. இவளுக்கோ, நீதிமான் ஏழு தரம் விழுந்தாலும் திரும்ப எழுவான் என்று. "உழறதுதான் எனக்கு எழுதியிருக்கா?" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் வந்ததை மாற்றி எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பைபிளுக்குள் வைத்து மூடினாள்.

பிப்ரவரியில், வேலை பார்த்த லாட்ஜில் பதினோராவது கட்டிலுக்கு விரிப்பு மாற்றும்போது விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்துக் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரி வாசம் பதினெட்டு நாள். ஐம்பத்திரண்டு வயதுவரை ஒருத்தரிடமும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்காதவள், ஒன்றுக்குப் போகவும் கார்குழலியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மறைப்பானேன், சுவரைப் பார்த்தபடி நாலு நாள் அழுதாள்.

ஜெபிக்க வந்த சபைக்காரர் ஒருவர், "மறைவா ஏதாவது பாவம் இருந்தா அறிக்கை பண்ணிடுங்க" என்றார். அதோடு அழுகை நின்றது.

"பைபிள்ல யோபு நொந்து கெடந்தப்பவும் சிநேகிதருங்க இப்பிடித்தான் வந்து உக்காந்துகினு கேட்டாங்க. கடசில கர்த்தர் யார திட்டனாரு? போய் படிச்சிப் பாருங்க."

அன்றைக்கே அட்டையை எடுத்துவரச் சொன்னாள். விழுவாய் என்று முன்னாலேயே சொல்லித்தானே வைத்திருக்கிறார் என்று தோன்றியதும் ஒரு தெம்பு வந்தது. லாட்ஜில் விழுந்ததற்கு ஒரு கோடு. அதன்பின் நடை பழகும்போது விழுந்ததையெல்லாம் அட்டையின் பின்பக்கம் இடது கையால் கோடு போட்டு வைத்தாள். குளியலறையில், வாசற்படியில், ரேஷன் கடை வரிசையில். டிசம்பருக்குள் ஏழு கோடு. ஏழோடு தீர்ந்தது, இனி விழமாட்டேன் என்று கார்குழலியிடம் அடித்துச் சொன்னாள். அடுத்த அட்டையை நடந்து போய், அதே வலது கையால் எடுக்கவேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வருடப் பிறப்பும் வந்தது. "நீ உக்காரு அண்ணி, உனக்கும் சேத்து நானே எடுத்தாறேன்" என்றாள் கார்குழலி.

"என் சோத்த நீ துன்னா என் வயிறு ரொம்புமா? உடு."

ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். பாதி தூரம் நன்றாகத்தான் போனாள். பாயின் ஓரம் தட்டியது. சபை முழுக்கப் பார்க்க, குப்புற விழுந்தாள். பாட்டு நின்றுபோனது. கார்குழலி ஓடிவந்து அவள் அக்குளில் கை கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"எட்டாச்சே அண்ணி. ஏழுன்னுதான போட்டிருந்துது."

கன்னியம்மாளும் எண்ணிப் பார்த்தாள். ஏழும் தீர்ந்தது, இதற்கு வாக்கு இல்லை. கன்னத்தைத் தரையில் வைத்தபடி சற்று நேரம் கிடந்தாள். அப்புறம் கோபம் வந்தது. கார்குழலி மேல் அல்ல, இத்தனை மாதம் கோடு போட்ட தன் புத்தியின் மேல்.

"உழறத எண்ணினு இருந்தோம் பாரு, நாம ரெண்டு பேரும் முட்டாளுங்க" என்றாள். "எழுந்திருப்பான்னும் போட்டிருந்துதே, அத ஒருவாட்டியாவது எண்ணினமா? கைய எடுடி."

முழங்கையை ஊன்றி, நாற்காலிக் காலைப் பிடித்து, முக்கி முனகித் தானே எழுந்தாள். பாஸ்டர் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே வரப் பார்த்தார்.

"அங்கயே வைங்கய்யா. நான் வர்றேன்."

போனாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. அட்டை மூன்று முறை நழுவியது. தட்டின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய், இரண்டு விரலுக்கு நடுவே இடுக்கி எடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"என்னா வந்திருக்கு அண்ணி?"

"இருடி, மூச்சு வாங்கிக்கறேன். எதுவா இருந்தாலும் நான் எடுத்தது."