வெயில் வரட்டும் என்று காத்திருந்தோம்

அந்தப் பனிப்பள்ளத்தின் ஓரத்தில் நின்று, "திரும்பிடலாம்" என்று நான் சொன்னது புத்தியா, வெறும் பயமா? ஒரு வருடமாகப் போகிறது, இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

போன ஏப்ரலில் இமாச்சலில் ஒரு மலைக் கிராமத்துக்குப் போனோம். நான், என் கணவர், நான்கு வயது மகள். கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். உடன் வேலை செய்யும் பீகார்க்காரர்களிடம் அவர் கற்றுக்கொண்ட இந்திதான் எங்களுக்குத் துணை. மழையையும் லாரிப் புழுதியையும் மட்டுமே பார்த்து வளர்ந்த மகளுக்குப் பனியைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

கிராமத்து வழிகாட்டி முதல்நாள் மாலையே விளக்கமாகச் சொன்னார். மேலே ஒரு புல்வெளி முழுக்கப் பனி கிடக்கிறது. அங்கே போகச் செங்குத்தான சரிவின் அடியில் ஒரு பள்ளத்தைக் கடக்க வேண்டும். ராத்திரிக் குளிரில் பனி இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற உள்ளுக்குள் ஈரமாகிப் பிடிப்பு விட்டுப்போகும். அப்போதுதான் மேலிருந்து மொத்தமாகச் சரியும். குளிர்காலம் முடிகிற இந்த மாதங்களில் அதுதான் ஆபத்து. ஆகவே காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் பள்ளத்தைத் திரும்பவும் கடந்துவிட வேண்டும்.

எனக்குள் தங்கியது ஆறு மணி என்பது மட்டும்தான். எங்கள் பக்கத்தில் காலைக் குளிரில் குழந்தையை யாரும் வெளியே கொண்டுபோவதில்லை. மார்கழியில்கூட வெயில் முற்றத்தில் இறங்கிய பிறகுதான் என் மகள் வாசல் தாண்டுவாள், அதுவும் காதை மூடிக்கொண்டு.

மறுநாள் ஆறு மணிக்கு வழிகாட்டி வந்து கதவைத் தட்டினார்.

"என்ன சொல்றாரு?" என்று கணவரைக் கேட்டேன்.

"வெயில் வந்தாதான் பேஜாரு, இப்பவே கெளம்புங்கன்றாரு."

"வெயில் வந்தா என்னங்க பேஜாரு? பாப்பாவுக்கு இருமல் புடிச்சா இங்க டாக்டருக்கு எங்க போறது?"

அவர் வெளியே போய் ஏதோ சொன்னார். வழிகாட்டி சுவரில் உட்கார்ந்து மூன்று முறை டீ குடித்தார். நான் மகளுக்குக் கஞ்சி கொடுத்து, நெஞ்சில் தைலம் தேய்த்து, இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டி முடித்தபோது மணி ஒன்பதரை.

நடை அருமையாக இருந்தது. எங்கு பார்த்தாலும் பனி உருகிச் சொட்டியது. மகள் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ரைம்ஸ் பாடினாள். இதமான வெயிலைப் பார்த்து, காத்திருந்தது எவ்வளவு நல்லது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பள்ளத்தை அடைந்தபோது பதினொன்றாகிவிட்டது. வழிகாட்டி ஓர் எட்டு வைத்தார்; முழங்கால் வரை புதைந்தது. மேலே சரிவிலிருந்து எலுமிச்சை அளவுப் பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு வந்தன.

"நைனா, யாரோ மேலேர்ந்து பந்து போடறாங்க" என்று மகள் கைதட்டினாள்.

வழிகாட்டி சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, நிற்காமல் கடந்தால் இப்போது போய்விடலாம், ஆனால் திரும்பும்போது இன்னும் இளகியிருக்கும், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். எங்களுக்கு முன்னால் நான்கு கல்லூரிப் பையன்கள் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"திரும்பிடலாங்க" என்றேன்.

"இன்னாம்மா நீ, இம்மாந் தூரம் வந்துக்கினு. பசங்க போறானுங்க பாரு."

"உங்க கம்பெனில தொங்குற லோடுக்குக் கீழ யாரையாவது நடக்க விடுவீங்களா?"

அவர் அண்ணாந்து சரிவைப் பார்த்தார். "உன்னாண்ட வாய் குடுக்க முடியாது" என்று சொல்லித் திரும்பினார்.

சரிவை விட்டு விலகி, வெகு தூரம் கீழே வந்து ஒரு பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். பள்ளம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

"இப்ப வரும் பாரு" என்றார் கணவர். ஒரு வாய் சாப்பிட்டார். "இன்னா, வரல."

இரண்டு மணிக்குப் பையன்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். எதுவும் சரியவில்லை. மகளோ பாறை நிழலில் கிடந்த அழுக்குப் பனியைத்தான் நாங்கள் பார்க்க வந்த இடம் என்று நினைத்து, டிபன் பாக்ஸ் நிறைய அள்ளிக்கொண்டாள். அறைக்கு வந்ததும் அது தண்ணீராகிக் கிடந்தது. "பரவால்லம்மா, செடிக்கு ஊத்திக்கலாம்" என்றாள்.

வழிகாட்டியிடம், நாங்கள் கடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கச் சொன்னேன். "வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம்மா. ஆறு மணிக்குக் கெளம்பியிருந்தா இந்தக் கேள்வியே இல்லன்றாரு" என்றார் கணவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இந்த ஏப்ரலுக்கும் அவர் லீவு சொல்லிவிட்டார். அதே கிராமம், அதே வழிகாட்டி. புல்வெளியைப் பார்த்தே தீருவது என்று இருக்கிறார். இந்த முறை நேரம் தவற நான் விடமாட்டேன். ஆனால் மகளுக்கு இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை மூச்சிரைப்பு வந்து, ஆவி மருந்து வைக்க வேண்டியிருந்தது. அந்த நெஞ்சோடு அவளை விடியலிலேயே மலைக் குளிரில் இறக்கலாமா?

சிறு குழந்தைகளை அப்படி அழைத்துப் போனவர்கள் இருந்தால் எழுதுங்கள். என்ன உடுத்தினீர்கள், கிளம்பும் முன் என்ன கொடுத்தீர்கள், மருத்துவர் என்ன சொன்னார்? அல்லது பள்ளத்தை மறந்துவிட்டு, கீழே கிடக்கும் பனியே போதும் என்று இருந்துவிடுவதுதான் நல்லதா? டிக்கெட் போடுவதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.