தகரத்துக்கு எதிரே கிடைத்த நிழல்

அகரம் ரைஸ் மில்லில் நெல் அரைக்க வந்தவர்கள் எல்லோரும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பஞ்சரான பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த எனக்கு மட்டும், இஞ்சினுக்கு எதிரே சுவரோரமாக நல்ல நிழல் கிடைக்கிறது.

இந்தப் பக்கம் இன்னும் கரண்டு வரவில்லை. அடுப்புக்கரி வாயுவில் ஓடும் இஞ்சின் சற்று முன்பு உள்ளுக்குள் வெடித்து, குழாய் வாயை மூடியிருந்த மெல்லிய தகரத்தைக் கிழித்துவிட்டதாம். வெடிப்பு இஞ்சினைப் பிளக்காமல் வெளியே போகத்தான் அந்தத் தகரம். இஞ்சின் டிரைவர் சுல்தான் புதுத் தகரம் வைத்துத் திருகாணிகளை முடுக்கிவிட்டார்.

நெல் மூட்டையோடு வந்த ஒரு பெண் அதை நகத்தால் தட்டிப் பார்க்கிறாள். மொத்தென்று கேட்கிறது.

"ரெண்டு தகரமா வச்சிருக்கீகளாண்ணே?"

"அடிக்கடி கிழியுதுத்தா. நானும் எம்புட்டுத் தடவதான் மாத்துறது?"

"கிழியட்டும். ஒண்ண எடுங்க. இல்லாட்டி மூட்டயத் தூக்கிட்டுப் போறேன்."

மற்ற பெண்களும் தங்கள் மூட்டைகளில் கை வைக்கிறார்கள். சுல்தான் முனகிக்கொண்டே ஒரு தகரத்தைக் கழற்றுகிறார். அவள் மறுபடி தட்டுகிறாள். டங்கென்கிறது.

இஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றப் போன சுல்தான் என்னைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்.

"அய்யா, செத்த அந்தப் பக்கம் போங்க. தகரம் கிழிஞ்சா தீ ஒங்க மேலதான் வரும்."

நான் எழுந்து வெயிலுக்குப் போகிறேன். அந்தப் பெண் மூட்டையை நகர்த்தி இடம் விடுகிறாள்.